அமெரிக்காவில் படிக்கும் மாணவர் வரிப் பணத்தைத் திரும்பப் பெற எந்த வழி நல்லது?

ஜனவரி முடிவதற்குள் அமெரிக்காவில் வேலை கொடுத்த ஒவ்வொருவரும் தன் ஊழியருக்கு ஆண்டுச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்கியவருக்கும் அது வரும். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை பார்த்தவருக்கும் வரும். அதில் 2ஆம் கட்டத்தில் இருப்பது மத்திய அரசின் வருமான வரிக்காகப் பிடித்த தொகை. 17ஆம் கட்டத்தில் மாநில வரி. 4, 6ஆம் கட்டங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு வெறுமையாக இருக்க வேண்டியவை. இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அந்தத் தாள் வந்ததும் மாணவர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: எதில் தாக்கல் செய்தால் அதிகப் பணம் திரும்பக் கிடைக்கும்? இந்தக் கேள்வியே ஆபத்தானது. எந்த வழியில் தாக்கல் செய்தாலும் சட்டப்படி திரும்பி வரவேண்டிய தொகை ஒன்றுதான். ஒரு வழி மற்றதைவிட ஆயிரம் டாலர் அதிகம் காட்டினால், இரண்டில் ஒன்று தவறான படிவத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது என்று பொருள். வழிகளை ஒப்பிட வேண்டியது செலவு, நேரம், பிழை நேரும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் வைத்துத்தான்.

ஒப்பிடுவதற்கு முன் நீங்கள் யார் என்பதை அமெரிக்க வரிச் சட்டத்தின் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்-1 விசாவில் வந்தவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவராகவே கருதப்படுவார். ஆண்டின் ஒரு பகுதி மட்டும் இருந்தாலும் அது முழு ஆண்டாக எண்ணப்படும். 2021 ஆகஸ்டில் வந்திறங்கியவருக்கு 2021இலிருந்து 2025 வரை ஐந்து ஆண்டுகள் முடிகின்றன. 2026இலிருந்துதான் அவர் அங்கே தங்கிய நாட்கள் கணக்கில் சேரத் தொடங்கும். அதுவரை அவருக்குரிய படிவம் 1040-என்ஆர். கூடவே, தங்கிய நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தெரிவிக்கும் 8843 என்ற இன்னொரு படிவம். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத மாணவரும் இந்த 8843ஐ அனுப்பியாக வேண்டும். பலருக்கு இது தெரிவதே இல்லை.

அடுத்தது, இந்தியாவிலிருந்து சென்றவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சலுகை. வெளிநாட்டவராகக் கணக்குக் காட்டுகிறவர்களுக்குப் பொதுவாக நிலையான கழிவு, அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் ஒரு குறிப்பிட்ட தொகை, கிடையாது. இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு இந்திய மாணவருக்கு அதைத் தருகிறது. 2024ஆம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். 2025ஆம் ஆண்டுக்கு 15,750 டாலர். இதன் மதிப்பை ஒரு கணக்கில் பார்க்கலாம். 2025 கோடையில் 12 வாரம், வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தில் ஒரு மாணவி பயிற்சி வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள், அவர் ஆண்டு முழுவதும் அதே சம்பளம் வாங்குவார் என்று எண்ணி ஏறக்குறைய 970 டாலரை வரியாகப் பிடித்துவிடும். ஆனால் அவருடைய ஆண்டு வருமானமே 12,000 டாலர்தான். 15,750 டாலரைக் கழித்தால் வரி விதிக்க ஒன்றும் மிஞ்சாது. பிடித்த 970 டாலரும் முழுமையாகத் திரும்ப வரவேண்டும். இதே வேலையை, இத்தகைய ஒப்பந்தப் பிரிவு இல்லாத நாட்டிலிருந்து வந்த வகுப்புத் தோழர் பார்த்திருந்தால் அவருடைய வரி ஏறக்குறைய 1,200 டாலர். எனவே இலங்கையிலிருந்து சென்ற தமிழ் மாணவர்கள் இந்திய நண்பர் நிரப்பிய படிவத்தைப் பார்த்து அப்படியே நிரப்பக் கூடாது. அந்த 21(2) பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது.

இந்தச் சலுகை கடவுச்சீட்டைப் பார்த்துத் தரப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கா செல்வதற்குச் சற்று முன்பு இந்தியாவில் வசித்தவரா என்பதையே ஒப்பந்தம் கேட்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பெற்றோருடன் வளர்ந்து, அங்கிருந்தே நேராக அமெரிக்காவுக்குப் படிக்கப்போன இந்தியக் குடிமக்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலில், போகவே கூடாத வழி.

டர்போடாக்ஸ் போன்ற பிரபலமான மென்பொருள்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கேயே நிலையாக வாழ்பவர்களுக்கும் உரிய 1040 படிவத்துக்காகச் செய்யப்பட்டவை. அவை 1040-என்ஆர் படிவத்தைத் தயாரிப்பதில்லை. மாணவர் இது தெரியாமல் விவரங்களைக் கொடுத்துக்கொண்டே போனால் மென்பொருள் தடுக்காது. பல்கலைக்கழகம் 1098-டி என்ற கட்டண அறிக்கையும் அனுப்பியிருந்தால் அதையும் கேட்கும், கேட்டுவிட்டுக் கல்விச் சலுகை என்று பெரிய தொகையைத் திரையில் காட்டும். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி என்ற அந்தச் சலுகை 2,500 டாலர் வரை போகும். அதில் 1,000 டாலர் வரை வரியே கட்டாதவருக்கும் ரொக்கமாக வரும். வெளிநாட்டவராகக் கணக்குக் காட்டவேண்டிய மாணவருக்கு இதில் ஒரு காசுகூட உரிமை இல்லை. கல்விக் கடனுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது 1,000 டாலர் கண்ணில் பட்டால் மனம் தடுமாறும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் பிற்பாடு வட்டியோடு திரும்பக் கேட்கப்படலாம், அபராதமும் சேரலாம். அதைவிட முக்கியமாக, பின்னாளில் பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய வரிக் கணக்குகளைக் காட்ட வேண்டியிருக்கலாம். ஏற்கெனவே இப்படித் தாக்கல் செய்துவிட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் இதற்காகவே இருக்கிறது. கேள்வி வரும்வரை காத்திருக்காமல் தானாக முன்வந்து திருத்துவது எப்போதும் நல்லது.

இரண்டாவது வழி, படிவத்தை இறக்கிக்கொண்டு நீங்களே நிரப்புவது. செலவு, தபால் கட்டணம் மட்டும். ஒரே ஒரு டபிள்யூ-2, பங்குச் சந்தையில் கை வைக்கவில்லை, உதவித்தொகையில் வரிக்குரிய பகுதி எதுவும் இல்லை என்றால் இது ஒரு மாலைப்பொழுது வேலை. சம்பளத்தை ஓரிடத்தில் எழுத வேண்டும், பிடித்தத்தை ஓரிடத்தில். நிலையான கழிவை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், இந்திய ஒப்பந்தத்தின்படி அனுமதிக்கப்பட்ட கழிவு என்று ஆங்கிலத்தில் குறிப்பிட வேண்டும். இந்தக் குறிப்பு விடுபட்டால், கழிவுக்கு உரிமையில்லாத வெளிநாட்டவர் கழித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. கடைசியில் இணைக்கும் ஓஐ என்ற பட்டியலில் எந்த நாட்டுக் குடிமகன், என்ன விசா, எந்தத் தேதிகளில் உள்ளே வந்து வெளியே போனீர்கள் என்பதெல்லாம் வரும். எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் உங்கள் ஐ-94 பயண வரலாற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்பினால் தேதிகள் பிசகாது.

பேனாவால் கையெழுத்திட்டு, டபிள்யூ-2 நகலை முன்பக்கம் இணைத்து, பணம் திரும்ப வரவேண்டியவர்கள் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உள்ள வரித்துறை முகவரிக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்து இல்லாத படிவம் படிவமே அல்ல, திரும்பி வந்துவிடும். சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், முழு நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் குறை வேகம்தான். காகிதம் கையால் பிரிக்கப்பட்டு, தட்டச்சாகி, சரிபார்க்கப்பட வேண்டும். பணம் வர மாதங்கள் ஆகும். ஆனால் இதில் வேறெங்கும் கிடைக்காத ஒரு லாபம் உண்டு. ஒருமுறை தன் கையால் 1040-என்ஆரை நிரப்பியவருக்கு அடுத்த ஆண்டுகளில் எந்த மென்பொருளும் எந்த ஆலோசகரும் தவறு செய்தால் உடனே கண்ணில் படும். முதல் ஆண்டு வருமானம் சிறியதாக இருக்கும்போதே காகிதத்தில் ஒரு மாதிரியை நிரப்பிப் பாருங்கள் என்று கணிதத்துக்குப் பயப்படாத மாணவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். அனுப்புவது வேறு வழியில் இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது வழி, வெளிநாட்டு மாணவர்களுக்காகவே எழுதப்பட்ட மென்பொருள். ஸ்பிரின்டாக்ஸ், கிளேசியர் டாக்ஸ் பிரெப் ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. நிறையப் பல்கலைக்கழகங்கள் இவற்றுக்குக் கட்டணம் செலுத்தி, பயன்பாட்டுக் குறியீட்டை மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் சர்வதேச மாணவர் அலுவலகம் அனுப்பும் மின்னஞ்சல்களைப் படிக்காமல் அழித்துவிடுகிறவர்கள் இந்தக் குறியீட்டையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இந்தக் குறியீடு மத்திய அரசின் படிவத்துக்குத்தான் பயன்படும். மாநிலப் படிவத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கும். மின்வழித் தாக்கல் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மின்வழியில் போன கணக்குக்குப் பொதுவாக 21 நாட்களுக்குள் பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். உதவித்தொகையிலிருந்து 14 சதவீதம் பிடித்து 1042-எஸ் என்ற தாள் கொடுத்திருந்தால் மட்டும் இந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். அத்தகைய கோரிக்கைகளுக்கு ஆறு மாதம் வரை ஆகலாம் என்று வரித்துறையே சொல்கிறது.

1042-எஸ் பற்றி இன்னொன்று. அது வருவதற்கு மார்ச் 15 வரை அவகாசம் உண்டு. டபிள்யூ-2 கிடைத்த உற்சாகத்தில் பிப்ரவரியிலேயே தாக்கல் செய்துவிட்டு, பிறகு 1042-எஸ் வந்து திருத்தப் படிவம் போடுகிறவர்கள் உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து கல்விக் கட்டணத்துக்கு மேல் உதவித்தொகை வாங்கியவர்கள் மார்ச் நடுப்பகுதி வரை பொறுத்திருங்கள்.

நான்காவது வழியான வீட்டா, வரித்துறையின் ஆதரவில் தன்னார்வலர்கள் இலவசமாகப் படிவம் நிரப்பித் தரும் திட்டம். பல நூலகங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் இதற்கு மேசை போடுவார்கள். மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளிநாட்டு மாணவர் கணக்குக்கென்று தனித் தேர்வு எழுதிச் சான்று பெற்ற தன்னார்வலர் மட்டுமே இதைச் செய்யலாம். எல்லா மையங்களிலும் அவர்கள் இருப்பதில்லை. நேரம் முன்பதிவு செய்யும்போதே 1040-என்ஆர் நிரப்புவீர்களா என்று கேட்டுவிடுங்கள். ஆம் என்று சொல்லும் மையம் பக்கத்தில் இருந்தால், உதவி தேவைப்படும் மாணவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்வார், காசும் வாங்க மாட்டார்.

ஐந்தாவது வழி, கட்டணம் வாங்கும் தொழில்முறை ஆலோசகர். இவர்களில் உண்மையிலேயே திறமையானவர்கள் இருக்கிறார்கள். எஃப்-1இலிருந்து எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறிய ஆண்டு, ஐந்து ஆண்டுகள் முடிந்து வரிக் கணக்கில் உள்நாட்டவராக மாறும் ஆண்டு, மணமாகித் துணைவர் வந்து சேர்ந்த ஆண்டு ஆகிய சமயங்களில் வெளிநாட்டவர் வரியில் அனுபவமுள்ள சிபிஏ எனப்படும் உரிமம் பெற்ற கணக்காளருக்கோ, வரித்துறையின் அனுமதி பெற்ற என்ரோல்டு ஏஜென்டுக்கோ கொடுக்கும் கட்டணம் வீணாகாது. பங்கு வாங்கி விற்றவர்களும் இந்தப் பட்டியலில்தான் வருவார்கள். கைபேசியில் ராபின்ஹுட் செயலியில் பங்கு விற்று லாபம் பார்த்த மாணவர், அந்த ஆண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ அமெரிக்காவில் இருந்திருந்தால், லாபத்துக்கு 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். நிலையான கழிவு அந்த லாபத்தைத் தொடாது. இது தெரியாமல், சம்பளத்துக்கான பணம் திரும்ப வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆனால் பிப்ரவரி தொடங்கியதும் இந்தியப் பெயர்களைத் தேடித் தேடி அழைக்கும் அலுவலகங்கள் வேறு ரகம். எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இலவசமாகக் கணக்குப் போட்டுத் தருகிறோம், டபிள்யூ-2ஐ மட்டும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள் என்பார்கள். உங்கள் சமூகப் பாதுகாப்பு எண், முகவரி, சம்பளம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கின்றன. முன்பின் தெரியாதவருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கட்டணம் வாங்கிப் படிவம் தயாரிக்கும் எவருக்கும் வரித்துறை கொடுத்த பிடின் என்ற அடையாள எண் இருக்க வேண்டும், அவர் படிவத்தில் கையெழுத்தும் போட வேண்டும். கையெழுத்துப் போட மறுப்பவர், திரும்ப வரும் தொகையில் சதவீதம் கேட்பவர், பணத்தைத் தன் கணக்கு வழியாக வாங்கித் தருகிறேன் என்பவர் ஆகிய மூவரிடமும் ஒரு நிமிடம்கூடப் பேச வேண்டாம். சதவீதம் வாங்குகிறவருக்குத் தொகையை ஊதிக் காட்டுவதில்தான் லாபம். மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இப்போது அந்த 4, 6ஆம் கட்டங்கள். மேலே சொன்ன எந்த வழியிலும் தானாக வராத பணம் இது. பலருக்கு இதுதான் பெரிய தொகையும்கூட. சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், ஆக 7.65 சதவீதம் அமெரிக்க ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் பிடிக்கப்படுகிறது. வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும்வரை எஃப்-1 மாணவருக்கு, படிப்பு முடிந்து ஓபிடி என்ற பயிற்சி அனுமதியில் வேலை பார்க்கும் காலத்திலும், இந்தப் பிடித்தம் கிடையாது. பல்கலைக்கழகங்களின் சம்பளப் பிரிவுக்கு இது தெரியும். வெளியே உள்ள சிறு நிறுவனங்கள் பலவற்றுக்குத் தெரியாது. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மாதம் 6,000 டாலர் வாங்கியவரின் சம்பளம் 36,000 டாலர். அதில் தவறாகப் பிடித்தது 2,754 டாலர்.

இதைப் பெற இரண்டு வழிகள் இருக்கின்றன, முதலில் முயல வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது: நிறுவனத்தையே கேளுங்கள். நிறுவனம் 941-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு, உங்கள் பணத்தைத் திருப்பித் தந்து, திருத்திய டபிள்யூ-2சியையும் கொடுக்கலாம். தயங்கும் மனிதவள அலுவலரிடம் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. உங்களிடம் பிடித்த அதே 7.65 சதவீதத்தை நிறுவனமும் தன் கையிலிருந்து கட்டியிருக்கிறது. திருத்தினால் அவர்களுடைய பங்கும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். சம்பளம் தொடங்கிய முதல் மாதமே சம்பளச் சீட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடும்.

நிறுவனம் மறுத்தால் அல்லது பதிலே சொல்லாவிட்டால், பணத்தைத் திரும்பக் கேட்கும் 843 படிவத்தை 8316 என்ற துணைப் படிவத்தோடு சேர்த்து யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். டபிள்யூ-2, விசா, ஐ-94, பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 சான்று, ஓபிடி என்றால் வேலை அனுமதி அட்டை ஆகியவற்றின் நகல்களும், நிறுவனத்தைக் கேட்டதற்கான சான்றும் வேண்டும். இதை 1040-என்ஆரோடு ஒரே உறையில் போட்டுவிடாதீர்கள். பதில் வர நீண்ட காலம் ஆகும், பொறுமை வேண்டும். மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால், முந்தைய ஆண்டுகளின் டபிள்யூ-2களையும் எடுத்துப் பாருங்கள். பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய தாளில் ஒரு பருவத்தின் புத்தகச் செலவு இருக்கக்கூடும்.

மாநில வரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது இடத்துக்கு இடம் மாறுகிறது. டெக்சாஸ், புளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை. கலிபோர்னியா, மத்திய அரசு செய்த வரி ஒப்பந்தங்களை ஏற்பதில்லை. பென்சில்வேனியாவில் நிலையான கழிவு கிடையாது, எல்லோருக்கும் 3.07 சதவீதம், அங்கே பெரிதாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அம்மாநிலத்தின் இணையதளத்திலேயே இலவசமாகத் தாக்கல் செய்யலாம் என்பதால், மென்பொருளுக்கு மாநிலக் கட்டணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாநில வரித்துறையின் தளத்தை ஒருமுறை பாருங்கள். ஒரு மாநிலத்தில் படித்து இன்னொரு மாநிலத்தில் கோடைப் பயிற்சி செய்தவர்கள் இரண்டு மாநிலங்களிலும் தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம். அவர்களுக்கு மென்பொருள் கட்டணம் நியாயமானதே.

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். பல்கலைக்கழகம் குறியீடு தருகிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், வெளிநாட்டு மாணவர் மென்பொருளில் மின்வழியே தாக்கல் செய்யுங்கள். அனுப்புவதற்கு முன் நிலையான கழிவு சேர்ந்திருக்கிறதா, 2ஆம் கட்டத் தொகை சரியாக ஏறியிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் உங்கள் கண்ணால் பாருங்கள். குறியீடு இல்லை, ஆனால் ஒரே ஒரு டபிள்யூ-2 என்றால் காகிதம். ஆங்கிலப் படிவத்தைக் கண்டாலே கை நடுங்குகிறது என்றால் சான்று பெற்ற வீட்டா மையம். விசா மாறிய ஆண்டு, பங்கு விற்ற ஆண்டு போன்ற சமயங்களில் மட்டும் தொழில்முறை ஆலோசகர். 8843 மட்டும் அனுப்புகிறவர்களுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. சின்னப் படிவம்தான், தபாலில் போட வேண்டும், கடைசி நாள் ஜூன் 15. சம்பளம் வாங்கியவர்களுக்கு ஏப்ரல் 15.

படிப்பை முடித்து ஊர் திரும்புகிறவர்கள் அமெரிக்க வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து காகிதக் காசோலைகளை அமெரிக்க அரசு படிப்படியாக நிறுத்திவருகிறது. அப்படியே காசோலை வந்தாலும் அது போய்ச் சேருவது நீங்கள் காலி செய்த வாடகை அறைக்குத்தான். கட்டணம் இல்லாத மாணவர் கணக்கு ஒன்றைத் திறந்தே வைத்து, வங்கியை அடையாளம் காட்டும் ரூட்டிங் எண்ணையும் கணக்கு எண்ணையும் படிவத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். டபிள்யூ-2ஐ இணையத்திலேயே பெற்றுக்கொள்வதாக நிறுவனத்தின் சம்பளத் தளத்தில் ஒப்புதலும் கொடுங்கள், ஏனென்றால் அடுத்த ஜனவரியில் அது வரும்போது நீங்கள் மதுரையிலோ மன்னாரிலோ இருப்பீர்கள். பணம் எங்கே இருக்கிறது என்பதை வரித்துறையின் தளத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் எதிர்பார்க்கும் தொகையையும் கொடுத்து அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.